மியூர் வுட்ஸ் காடும் கோல்டன் கேட் பாலமும்: குடும்பத்தோடு ஒரு நாள் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

சான் பிரான்சிஸ்கோ நகரின் வடக்கு எல்லையில், பசிபிக் கடல் வளைகுடாவுக்குள் நுழையும் நீரிணையின் மேல் நிற்கிறது கோல்டன் கேட் பாலம். அங்கிருந்து வடக்கே சுமார் 12 மைல் தொலைவில், டமல்பையஸ் மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கு ஒன்றில் மியூர் வுட்ஸ் என்னும் ரெட்வுட் காடு இருக்கிறது. பாலத்தை மனிதர் நான்கரை ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தார்கள். காட்டின் பெருமரங்களோ பெரும்பாலும் 600 முதல் 800 ஆண்டு வயதுடையவை. இவ்விரண்டையும் ஒரே நாளில், சிறு பிள்ளைகளோடும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடும், எவரும் களைத்துப்போகாமல் பார்த்துவர முடியும். அதற்குக் காடு முதலில், பாலம் பிறகு என்ற வரிசையை விடாமல் பின்பற்ற வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. போகும் வழியிலேயே பாலம் இருப்பதால் அங்கே முதலில் இறங்குகிறார்கள். காலை மூடுபனியில் பாலத்தின் கோபுரங்கள் பாதி மறைந்திருக்கும். வண்டி நிறுத்த இடம் தேடுவதில் ஒரு மணி நேரம் கழியும். காட்டிற்குப் போய்ச் சேரும்போது நண்பகல் ஆகி, மரப்பாதை முழுவதும் கூட்டம் நிறைந்திருக்கும். காட்டுக்கு மூடுபனி தடையில்லை, உண்மையில் அந்த மரங்கள் வாழ்வதே அதனால்தான். பாலத்துக்கோ வெயில் வேண்டும். ஆகவே காலையைக் காட்டுக்கும், பனி விலகும் பிற்பகலைப் பாலத்துக்கும் ஒதுக்குவதே இயற்கையோடு பொருந்தும் ஏற்பாடு.

முதல் படி: மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தல்

பள்ளி விடுமுறை என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலரும் செல்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மாதங்களில்தான் கடலிலிருந்து வரும் மூடுபனி மிக அடர்த்தியாக இருக்கும். நகருக்குத் தெற்கே சான் ஹோசேயில் கொளுத்தும் வெயில் இருக்கும் நாளிலேயே பாலத்தின் மேல் நடுங்கும் குளிர் அடிக்கும். உங்களுக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே மிகச் சிறந்தவை. வானம் தெளிந்திருக்கும், கடற்காற்றும் ஓரளவு தணிந்திருக்கும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். மழையில் நனைந்த ரெட்வுட் காடு தனி அழகுடையது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நல்ல மழைக்குப் பின், கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து ரெட்வுட் ஓடை வழியாக எதிர்நீச்சலிட்டு முட்டையிட வருவதைக் காணும் வாய்ப்பும் உண்டு. அவை அழிவின் விளிம்பில் இருப்பதால் அந்தக் காட்சி எளிதில் கிடைப்பதன்று. எந்த மாதமாயினும் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வார இறுதியில்தான் போக முடியும் என்றால் காலை 8 மணிக்குக் காடு திறக்கும்போதே உள்ளே நுழையுமாறு திட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: வண்டி நிறுத்த முன்பதிவு

இந்தப் பயணம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு வேலைதான். 2018 ஜனவரி முதல், மியூர் வுட்ஸில் வண்டி நிறுத்துவதற்கு முன்பதிவு கட்டாயம். முன்பதிவு இல்லாமல் போனால் நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாலையோரத்தில் நிறுத்தவும் அனுமதி இல்லை. பயண நாளுக்கு 90 நாட்களுக்கு முன்பே இடங்கள் திறக்கப்படுகின்றன. அவை தீர்ந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் மேலும் சில இடங்கள் வெளியிடப்படும்.

முன்பதிவில் நீங்கள் குறிப்பது வந்து சேரும் நேரத்தை மட்டுமே. அதற்கு அரை மணி நேர இடைவெளி தருகிறார்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் விரும்பும் வரை இருக்கலாம். காலை 8 முதல் 9 மணிக்குள் வரும் இடைவெளி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் காருக்கு ஏறத்தாழ 10 டாலர் ஆகும். இதைத் தவிர நுழைவுக் கட்டணம் தனி: 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தலைக்கு 15 டாலர், 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் பணம் செலுத்தும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவன், மனைவி, பெற்றோர் இருவர் என நான்கு பெரியவர்கள் போனால் நுழைவுக்கு மட்டும் 60 டாலர். அமெரிக்காவில் வசிப்பவர்கள் 80 டாலருக்கு வாங்கும் தேசியப் பூங்கா ஆண்டு அட்டை ஒன்று இருந்தால், அட்டை வைத்திருப்பவரோடு மேலும் மூன்று பெரியவர்கள் அதிலேயே உள்ளே செல்லலாம். பெற்றோர் வந்திருக்கும் அதே ஆண்டில் யோசெமிட்டிக்கும் போகும் எண்ணம் இருந்தால் இந்த அட்டையை வாங்கிவிடுவதே சிக்கனம். வண்டி நிறுத்தக் கட்டணத்தை மட்டும் அந்த அட்டை ஈடுகட்டாது.

கார் இல்லாதவர்கள் மியூர் வுட்ஸ் ஷட்டில் பேருந்தில் வரலாம். அது வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும், கோடையில் சில வார நாட்களிலும் ஓடுகிறது. அதற்கும் முன்பதிவு தேவை. வாடகைச் செயலி வண்டியில் காட்டுக்குப் போய் இறங்குவது எளிது, ஆனால் திரும்பி வர வண்டி அழைக்க அங்கே செல்பேசி இணைப்பு கிடைக்காது. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த வழியை நம்ப வேண்டாம்.

செல்பேசி இணைப்பு இல்லை என்பதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முன்பதிவுச் சீட்டு, நுழைவுச் சீட்டு, திரும்பும் வழிக்கான வரைபடம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே செல்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உடையும் உணவும்

காட்டுக்குள் ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ 4 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரைதான். பள்ளத்தாக்கின் அடியில் வெயில் அதிகம் படாது. பாலத்தின் மேல் காற்று இன்னும் கடுமையானது. எனவே ஆளுக்கொரு ஜாக்கெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் காதை மூடும் சால்வையோ குல்லாவோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலிலிருந்து வந்த பெற்றோர், புறப்படும்போது வீட்டு வாசலில் வெயிலைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டர் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நீங்களே காரில் எடுத்து வைத்துவிடுங்கள். பனியில் நனைந்த மரப்பலகைப் பாதை வழுக்கக்கூடும் என்பதால், புடவை உடுத்துபவர்கள் கூடச் செருப்பைத் தவிர்த்து, பிடிப்புள்ள ஷூ அணிவது நல்லது.

உணவு விஷயத்தில் ஒரு விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுப் பாதைகளில் உணவு உண்ண அனுமதி இல்லை. சிந்தும் துணுக்குகளைத் தேடிக் காகங்களும் ஸ்டெல்லர்ஸ் ஜே பறவைகளும் பெருகி, அவை அதே காட்டில் கூடு கட்டும் அரிய பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுவது இதற்கு முக்கியக் காரணம். நுழைவாயில் அருகே சிறிய உணவகம் உண்டு. அங்கே காபியும் சிற்றுண்டியும் கிடைக்கும். ஆயினும் சைவம் மட்டும் உண்ணும் பெரியவர்கள் இருக்கும் குடும்பம், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துப் போவதே நிம்மதி. அந்தப் பொட்டலத்தைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு, மதியம் எங்கே பிரிப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன். காட்டுக்குள் தண்ணீர் பாட்டில் மட்டும் போதும்.

நான்காம் படி: போகும் வழி

சான் ஹோசே, சன்னிவேல் பக்கமிருந்து புறப்படுபவர்கள் 280 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, 19ஆம் அவென்யூ வழியாகப் பாலத்தை அடையலாம். நெரிசல் இல்லாத காலையில் காட்டுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், காலை 6.30க்கே கிளம்பினால் இடையில் ஒரு முறை நின்றாலும் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். பாலத்தின் மேல் வடக்கு நோக்கிப் போகும்போது சுங்கம் இல்லை. பிள்ளைகள் இறங்கிப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். பிற்பகலில் இதே பாலத்தின் மேல் நடக்கப்போகிறோம் என்று சொல்லி நிற்காமல் செல்லுங்கள்.

பாலம் தாண்டிய பின் 101 நெடுஞ்சாலையிலிருந்து மில் வேலி, ஸ்டின்சன் பீச் என்று பலகை காட்டும் இடத்தில் 1ஆம் எண் நெடுஞ்சாலைக்கு இறங்கி, பிறகு பானோரமிக் நெடுஞ்சாலை வழியாக மலையேறி, மியூர் வுட்ஸ் சாலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். கடைசிச் சில மைல்கள் வளைவும் நெளிவுமாக, குறுகலாக இருக்கும். வயிற்றைக் கலக்கும் வழி என்பதால் காலை உணவை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். பயண மயக்கம் வரும் பெரியவரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள்.

கலிபோர்னியாவில் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கார் சீட்டிலோ பூஸ்டரிலோ பின்னிருக்கையில்தான் அமர வேண்டும்; இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பின்னோக்கிய இருக்கை வேண்டும். அழும் பேரனைப் பாட்டி மடியில் வைத்துக்கொள்வது நம் வழக்கம்தான், ஆனால் ஓடும் வண்டியில் அது சட்டப்படி குற்றம், ஆபத்தும் கூட. அழுதால் வண்டியை ஓரம் கட்டிச் சமாதானப்படுத்திவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.

ஐந்தாம் படி: காட்டுக்குள் மூன்று மணி நேரம்

நுழைவாயிலைக் கடக்கும் முன் எல்லோரும் கழிவறைக்குச் சென்று வந்துவிடுங்கள்; காட்டுப் பாதையில் உள்ளே கழிவறை கிடையாது. பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் என்னும் செயல்புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள பணிகளைச் செய்து முடித்தால் ரேஞ்சர் உறுதிமொழி ஏற்கவைத்து ஒரு பேட்ஜ் தருவார். அலைபேசித் திரையில் ஊறிய பிள்ளைகளைக் கூட மரத்தையும் ஓடையையும் உற்றுப் பார்க்கவைக்கும் திறன் அந்தச் சிறு புத்தகத்துக்கு உண்டு. குடும்பம் இரண்டாகப் பிரிந்து நடக்க நேர்ந்தால், இணைப்பு இல்லாத இடம் என்பதை நினைவில் கொண்டு, மீண்டும் கூடும் இடத்தையும் நேரத்தையும் இங்கேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டின் முதன்மைப் பாதை ரெட்வுட் ஓடையின் கரையோடு செல்கிறது. பெரும்பகுதி சமதளம், மரப்பலகையும் தார்த்தளமும் கலந்தது. ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் எளிதாகச் செல்லும். ஓடையின் மேல் நான்கு சிறு பாலங்கள் எண்ணிட்டு நிற்கின்றன, நடையின் அளவை அவற்றைக் கொண்டே முடிவு செய்யலாம். இரண்டாம் பாலத்தில் திரும்பினால் அரை மணி நேர நடை, மூன்றாம் பாலத்தில் திரும்பினால் ஒரு மணி நேரம், நான்காம் பாலம் வரை போனால் ஒன்றரை மணி நேரம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மூன்றாம் பாலம் வரை போவது போதுமானது. அதற்குள்ளேயே காட்டின் சிறந்த பகுதிகள் வந்துவிடும். நடக்க விரும்பும் இளையவர்கள், திரும்பும்போது நான்காம் பாலத்திலிருந்து இரண்டாம் பாலத்துக்கு வரும் மலைச்சரிவுப் பாதையில் சென்று, அடிமரங்களுக்குப் பதில் நடுமரங்களின் உயரத்திலிருந்து காட்டைப் பார்க்கலாம். வழிகாட்டிகள் சொல்லும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. இது விரைந்து கடக்கும் இடம் அன்று.

நுழைவாயிலை ஒட்டி, 1930இல் விழுந்த ஒரு ரெட்வுட் மரத்தின் குறுக்குவெட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வளையங்களில் வரலாற்று ஆண்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. மரம் பிறந்த ஆண்டு 909. அந்த ஆண்டில் சோழ நாட்டை ஆண்டுகொண்டிருந்தவன் முதலாம் பராந்தகன். 1010இல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது இந்த மரத்துக்கு நூறு வளையங்கள் இருந்தன. பலகையில் ஐரோப்பிய, அமெரிக்க நிகழ்ச்சிகளே அதிகம் இருப்பதால், நம் பிள்ளைகளுக்கு நாம்தான் அந்த வளையத்தைத் தொட்டுக்காட்டாமல் விரலால் சுட்டி, இந்த இடத்தில் பெரிய கோயில் என்று சொல்லவேண்டும். தாத்தா பாட்டிக்கும் இந்தக் காட்டின் வயது அப்போதுதான் மனத்தில் பதியும்.

மரங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கடலோர ரெட்வுட் உலகின் மிக உயரமான மர இனம். இங்கே உள்ளவற்றில் மிக உயர்ந்தது 258 அடி, அதாவது ஏறத்தாழ 79 மீட்டர். கலிபோர்னியாவின் வடகோடியில் இதே இனத்து மரம் ஒன்று 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. இவ்வளவு பெரிய மரம் தக்காளி விதை அளவேயான ஒரு விதையிலிருந்து முளைக்கிறது. ஆனால் விதையை மட்டும் அது நம்பியிருப்பதில்லை. அடிமரத்தில் புடைத்திருக்கும் கழலைகளில் முளைக்கக் காத்திருக்கும் மொட்டுகள் உறங்குகின்றன. தாய்மரம் எரிந்தாலோ விழுந்தாலோ அவை தளிர்த்து, தாய் நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாகப் புதிய மரங்களாக எழுகின்றன. பாதையில் பல இடங்களில் இத்தகைய மர வட்டங்களைக் காணலாம். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் ஒரே வேரிலிருந்து வந்த மரங்கள்.

சில மரங்களின் அடியில் கரிந்து குடைவான பொந்துகள் தெரியும். அவை பழைய காட்டுத்தீயின் தடங்கள். ஓரடி வரை தடிக்கும் பட்டையும், அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் தீயையும் பூச்சியையும் தடுத்துவிடுவதால், உள்ளே கரிந்த மரமும் மேலே பசுமையாக நிற்கிறது. கோடையில் இங்கே மழை அநேகமாகப் பெய்வதில்லை. அந்த வறண்ட மாதங்களில் ஊசி இலைகளில் படியும் மூடுபனி துளித்துளியாகத் தரையில் சொட்டி வேருக்குச் சேர்கிறது. இலைகள் நேரடியாகவும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. காலையில் போனால் அந்தத் துளிகள் உங்கள் தோளிலும் விழும்.

இத்தனை உயரத்துக்கும் வேர் ஆழமாகப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு அடிதான். பக்கவாட்டில் பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னி, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆண்டுதோறும் வரும் இலட்சக்கணக்கான பார்வையாளர்களின் காலடியில் மண் இறுகினால் இந்த மேலோட்டமான வேர்களுக்கு நீரும் காற்றும் கிடைக்காது. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியின் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். புகைப்படத்துக்காக வேலியைத் தாண்டி மரத்தைக் கட்டிப்பிடிக்கும் ஆசையை நாம் அடக்கினால்தான் பிள்ளைகளும் அடக்குவார்கள்.

தரையிலும் பார்க்க மறவாதீர்கள். மூன்று இதய வடிவ இலைகள் கொண்ட ரெட்வுட் புளியாரை தரையெங்கும் படர்ந்திருக்கும். நேரடி வெயில் பட்டால் அதன் இலைகள் மடங்கிக்கொள்ளும். ஈரமான நாட்களில் வாழைப்பழ மஞ்சள் நிறத்தில் பெரிய ஓடில்லா நத்தைகள் ஊர்வதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். பார்க்கலாம், தொட வேண்டாம்.

பொஹீமியன் குரோவ், கதீட்ரல் குரோவ் என்ற இரு தோப்புகளில்தான் மிக உயர்ந்த, மிக முதிய மரங்கள் நெருங்கி நிற்கின்றன. கதீட்ரல் குரோவில் அமைதி காக்கும்படி பலகை வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க எல்லோரையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1945 மே 19 அன்று, ஐக்கிய நாடுகள் அவையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பல நாட்டுப் பிரதிநிதிகள் இந்தத் தோப்புக்கு வந்து, ஒரு மாதத்துக்கு முன் மறைந்திருந்த குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்டுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதைக் குறிக்கும் பலகை இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தக் காடு எப்படிப் பிழைத்தது என்பதையும் அங்கே நின்றே சொல்லுங்கள். கோஸ்ட் மிவோக் பழங்குடி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த நிலப்பகுதி இது. 1849இன் தங்க வேட்டைக்குப் பிறகு, நகரம் வளர வளரச் சுற்றிலும் இருந்த ரெட்வுட் காடுகள் வெட்டப்பட்டன. எளிதில் மரம் இறக்க முடியாத செங்குத்துப் பள்ளத்தாக்கு என்பதால் இது தப்பியது. 1905இல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 45,000 டாலருக்கு 611 ஏக்கரை வாங்கினார்கள். 1907இல் ஒரு தண்ணீர் நிறுவனம் ஓடையில் அணை கட்டுவதற்காக இந்த நிலத்தைச் சட்டத்தின் மூலம் கையகப்படுத்த முயன்றது. அதை முறியடிக்கக் கென்ட் தம்பதியர் 295 ஏக்கரை நாட்டுக்கே கொடையாக அளித்துவிட்டார்கள். 1908 ஜனவரி 9 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். காட்டுக்குக் கென்ட்டின் பெயரையே வைக்கலாம் என்று அவர் சொன்னபோது, தம் பெயரைத் தம் பிள்ளைகள் காப்பாற்றாவிட்டால் அது மறக்கப்படட்டும் என்று கென்ட் மறுத்து, இயற்கைக் காவலர் ஜான் மியூரின் பெயரிலேயே உறுதியாக நின்றார். பணம் இருந்தவர்கள் அதைச் செலவிட்டது இப்படியும் நடந்திருக்கிறது என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

ஆறாம் படி: மதிய உணவு

காட்டிலிருந்து 11.30 அளவில் வெளியே வந்து, வந்த வழியே திரும்பாமல் எதிர்த்திசையில் சுமார் மூன்று மைல் சென்றால் மியூர் பீச் கடற்கரை. அங்கே சாப்பிட மேசைகளும் கழிவறையும் உண்டு. கட்டுச்சோற்றைப் பிரிக்க ஏற்ற இடம். கடல் நீர் மிகக் குளிர்ந்தது, அலை வலிமையானது. பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். உணவுக் குப்பை அனைத்தையும் எடுத்துக்கொண்டு, 1ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக மீண்டும் 101க்கு வாருங்கள்.

ஏழாம் படி: பாலத்தை மேலிருந்து பார்த்தல்

101இல் தெற்கு நோக்கி வரும்போது, பாலத்துக்கு முந்தைய கடைசி வெளியேறும் வழியில் இறங்கி, கான்செல்மன் சாலையில் ஏறினால் சில நிமிடங்களில் பேட்டரி ஸ்பென்சர் வரும். பழைய பீரங்கித் தளம் அது. வட கோபுரத்துக்கு ஏறத்தாழ நேரெதிரே நின்று, பாலத்தையும் பின்னணியில் நகரத்தையும் ஒருசேரக் காணலாம். நிறுத்துமிடம் சிறியது, பத்து நிமிடம் பொறுத்தால் ஒரு வண்டி கிளம்பும். மேலே காற்று பலமாக வீசும், சரிவுகளில் வேலியில்லாத இடங்களும் உண்டு. சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

இங்கும் இனி நிற்கும் எல்லா இடங்களிலும், காருக்குள் பை, மடிக்கணினி, கடவுச்சீட்டு எதையும் கண்ணில் படும்படி விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடியை உடைத்துத் திருடுவது இப்பகுதியில் அடிக்கடி நடப்பது. பொருட்களை டிக்கிக்கு மாற்றுவதானால், அங்கே வந்து சேர்ந்த பிறகு பிறர் பார்க்க மாற்றாமல், முந்தைய நிறுத்தத்திலேயே மாற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: பாலத்தின் மேல் நடத்தல்

பாலத்தைக் கடந்து தென்கரையில் வரவேற்பு மையத்தை அடையுங்கள். மையத்தை ஒட்டிய நிறுத்துமிடம் எப்போதும் நிரம்பியிருக்கும். கிரிஸ்ஸி ஃபீல்ட் பக்கம் நிறுத்திவிட்டு, பெரியவர்களை முன்பே மையத்தில் இறக்கிவிடுவது எளிது. நடப்பவர்களுக்கான பாதை பாலத்தின் கிழக்குப் பக்கம், நகரத்தை நோக்கியது. கோடை நேரக் கடிகாரம் நடப்பில் உள்ள மாதங்களில் காலை 5 முதல் இரவு 9 மணி வரையும், மற்ற மாதங்களில் மாலை 6.30 வரையும் திறந்திருக்கும். கட்டணம் இல்லை.

பாலத்தின் முழு நீளம் 1.7 மைல். போய்த் திரும்புவதென்றால் மூன்றரை மைலுக்கு நெருங்கிவிடும்; காலையில் காடு நடந்த குடும்பத்துக்கு அது அதிகம். தென் கோபுரம் வரை நடந்து, அதன் அடியில் நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நீர்மட்டத்திலிருந்து 746 அடி, அதாவது 227 மீட்டர் எழும் கோபுரத்தின் பிரமாண்டம் அந்த ஓரிடத்திலேயே முழுதாக விளங்கிவிடும். மிதிவண்டிகள் வேகமாக வரும் என்பதால் பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நடத்துங்கள். வாகன இரைச்சல் அதிகம். பேச வேண்டியதை நடக்கத் தொடங்கும் முன், வரவேற்பு மையத்துத் திடலில் பேசிக்கொள்வது நல்லது.

அந்தத் திடலில் பாலத்தின் முதன்மை வடத்தின் துண்டு ஒன்று வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விட்டம் 36 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள். இரண்டு வடங்களின் கம்பிகளையும் நீட்டினால் 80,000 மைல் வரும். பாலத்தின் சுமை முழுவதும் செங்குத்துக் கம்பிகள் வழியாக இந்த வடங்களில் தொங்கி, அங்கிருந்து கோபுரங்களுக்கும் இரு கரைகளின் நங்கூரக் கட்டடங்களுக்கும் இறங்குகிறது. கோபுரங்களுக்கு இடைப்பட்ட 4,200 அடி இடைவெளி, 1937 முதல் 1964 வரை உலகத் தொங்குபாலங்களின் கோபுர இடைவெளிகளிலேயே மிக நீளமானது. கடும் காற்றில் நடுப்பகுதி பக்கவாட்டில் சுமார் 27 அடி வரை அசைந்து கொடுக்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். நடக்கும்போது உணரும் சிறு அதிர்வைக் கண்டு பாட்டி பயந்தால் இதைச் சொல்லித் தைரியப்படுத்துங்கள். 1987இல் ஐம்பதாம் ஆண்டு விழாவின்போது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஒரே நேரத்தில் மேலே நெருக்கியடித்து நின்றதில், நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும் தளமே தட்டையாயிற்று. பாலம் அதையும் தாங்கியது.

கட்டுமானம் 1933 ஜனவரி 5 அன்று தொடங்கி, 1937 மே 27 அன்று நடப்பவர்களுக்கும் மறுநாள் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. திடலில் சிலையாக நிற்பவர் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ். ஆனால் கட்டமைப்புக் கணக்கின் பெரும்பகுதியைப் போட்டவர் சார்லஸ் எல்லிஸ். ஸ்ட்ராஸ் அவரைப் பணியிலிருந்து நீக்கியதோடு பெயரும் மறைந்துபோயிற்று. அவருக்கு உரிய பெருமையைப் பாலத்தின் நிர்வாகம் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது 2007இல்தான். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் இந்தப் பெயர் கட்டாயம் உச்சரிக்கப்பட வேண்டும்.

வேலையாட்களின் கதை இன்னும் முக்கியமானது. ஸ்ட்ராஸ் அக்காலத்தில் அரிதாயிருந்த பாதுகாப்பு வலையைத் தளத்தின் கீழே விரித்தார். அந்த வலை 19 பேரின் உயிரைக் காத்தது. திறப்பு விழாவுக்கு மூன்று மாதங்களே இருந்தபோது, 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் பெயர்ந்து விழுந்து வலையையே கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் இறந்தார்கள். கட்டுமானக் காலம் முழுவதிலும் மொத்தம் 11 பேர் உயிரிழந்தார்கள்.

நிறத்தைப் பற்றிப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். கப்பல்களுக்குத் தெளிவாகத் தெரியக் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பூச வேண்டும் என்று கடற்படை விரும்பியது. கட்டடக் கலைஞர் இர்விங் மாரோ, துரு தடுக்க எஃகில் பூசியிருந்த செந்நிற அடிப்பூச்சைப் பார்த்து, மலைகளின் பழுப்புக்கும் கடலின் நீலத்துக்கும் அதுவே பொருந்தும் என்று வாதாடி வென்றார். உப்புக் காற்று அரித்துக்கொண்டே இருப்பதால், வண்ணம் பூசும் பணியாளர் குழு ஒன்று ஆண்டு முழுவதும் எங்காவது ஓரிடத்தில் பூசிக்கொண்டேயிருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தால் பாலத்தின் தெற்கு வளைவுக்கு நேர் கீழே உள்ள ஃபோர்ட் பாயிண்ட் கோட்டைக்குப் போகலாம். 1853 முதல் 1861 வரை கட்டப்பட்ட இந்தச் செங்கல் கோட்டையை இடிக்காமல் காப்பதற்காகவே ஸ்ட்ராஸ் அதன் மேல் ஒரு தனி எஃகு வளைவை அமைத்தார். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை, வாரத்தில் சில நாட்களே திறந்திருக்கும். சிறு குழந்தைகள் உள்ளவர்கள் அதற்குப் பதில் அருகிலுள்ள பிரெசிடியோ டனல் டாப்ஸ் பூங்காவில் விளையாட விட்டு, தாத்தா பாட்டியைப் பாலம் தெரியும் இருக்கையில் அமர்த்தலாம்.

ஒன்பதாம் படி: சுங்கமும் திரும்புதலும்

தெற்கு நோக்கிப் பாலத்தைக் கடந்தபோது உங்கள் வண்டியின் எண் பலகை படம் பிடிக்கப்பட்டுவிட்டது. 2013 முதல் அங்கே ரொக்கம் வாங்கும் சாவடி இல்லை. சுங்கம் ஏறத்தாழ 10 டாலர். சுங்கத்தைத் தானாகவே செலுத்தும் ஃபாஸ்ட்ராக் கருவி காரில் உள்ளவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இல்லாதவர்கள் பாலத்தின் இணையதளத்தில் எண் பலகையைக் குறிப்பிட்டு, பாலத்தைக் கடந்த பிறகு 48 மணி நேரத்துக்குள் செலுத்திவிடலாம். பயணத்துக்கு முன்பே செலுத்தி வைக்கவும் வழியுண்டு. வாடகை வண்டியில் வந்தவர்கள், வண்டியை எடுக்கும்போதே அந்நிறுவனம் சுங்கத்தோடு எவ்வளவு சேவைக் கட்டணம் சேர்க்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே நேரடியாகச் செலுத்த முடியுமானால் பெரும்பாலும் அதுவே மலிவு.

தெற்கே போகும் சாலைகள் மாலை 4 மணி முதல் 7 மணி வரை நெரிசலில் தவிக்கும். 3.30க்குள் புறப்பட முடியாவிட்டால் அவசரப்படாமல் நகரத்திலேயே இரவு உணவை முடித்துக்கொண்டு, 7 மணிக்கு மேல் 280 வழியாகக் கிளம்புங்கள்.